ஆட்டிசமும் மூளை அழற்சியும்: எதற்குப் பணம், எதற்கு நேரம்? செட்டிநாட்டுப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று உறுதியானதும் வீட்டில் யோசனைகள் வரிசைகட்டி வரும். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மீன் எண்ணெய் மாத்திரை வாங்கி அனுப்புவார். அப்பத்தா மஞ்சள் கலந்த பாலைச் சொல்வார். வாட்ஸ்அப்பில் ஒருவர் கோதுமையையும் பாலையும் நிறுத்தச் சொல்வார், இன்னொருவர் ஸ்டெம் செல் (மூலச் செல்) சிகிச்சை விளம்பரத்தை அனுப்புவார். எல்லாருக்கும் இப்போது ஒரே காரணம்தான்: “மூளையில் அழற்சியாம், அதைக் குறைத்தால் பேச்சு வந்துவிடுமாம்.” இவற்றுக்கு நடுவே, சிவகங்கைக்கோ மதுரைக்கோ வாரந்தோறும் பேருந்து ஏறிப் பேச்சுப் பயிற்சிக்குப் போவது கவர்ச்சியில்லாத வழியாகத் தெரியும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அழற்சி, அதாவது நோயெதிர்ப்பு கிளர்ந்து நிற்கும் நிலை, பற்றிய ஆய்வுகள் பொய்யல்ல. ஆனால் ‘ஆட்டிசத்தின் அழற்சியைக் குறைக்கும் மருந்து’ என்று நம்பிக் கொடுக்கும் அளவுக்கு எதுவும் இன்னும் தேறவில்லை. ஒரு சிறு கூட்டம் குழந்தைகள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்கு உண்மையாகவே மூளை அழற்சியோ தூக்கத்தில் மறைந்திருக்கும் வலிப்பு நோயோ இருக்கலாம், ஒரு வாரம் தாமதித்தாலும் நட்டம். ஆகவே எந்த மாத்திரை என்று கேட்பதற்கு முன்னால், நம் குழந்தை எந்தக் கூட்டம் என்று பார்க்க வேண்டும்.

ஆய்வுகள் என்ன கண்டன

2005-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு, ஆட்டிசம் இருந்து இறந்துபோன 11 பேரின் மூளைத் திசுவைப் பார்த்தது. மைக்ரோக்ளியா, ஆஸ்ட்ரோக்ளியா எனும் துணைச் செல்கள் கிளர்ந்த நிலையில் இருந்தன, சிறுமூளையில் அது அதிகம். 2010-இல் வேறொரு குழு 13 பேரின் முன்மூளைத் திசுவைப் பார்த்தபோது 5 பேரிடம்தான் மைக்ரோக்ளியா தெளிவாகக் கிளர்ந்திருந்தது. அதாவது எல்லாரிடமும் இல்லை.

உயிரோடு இருப்பவர்களிடம் கதிரியக்கச் சாயம் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் மூலம் பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண். 2013-இல் ஜப்பானில் ஆட்டிசமுள்ள 20 இளைஞர்களிடம் மைக்ரோக்ளியா கிளர்ச்சியைக் காட்டும் குறியீடு கூடுதலாகத் தெரிந்தது. 2021-இல் அமெரிக்காவில் 15 இளைஞர்களிடம் வேறொரு சாயத்தை வைத்துப் பார்த்தபோது அதே வகைக் குறியீடு குறைவாக இருந்தது. இரண்டுமே ஒழுங்காகச் செய்த ஆய்வுகள். அந்தக் குறியீடு சரியாக எதை அளக்கிறது என்பதிலேயே விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. மைக்ரோக்ளியாவின் வேலை கிருமியோடு சண்டை போடுவது மட்டுமல்ல. வளரும் மூளையில் வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கத்தரித்து ஒழுங்குபடுத்துவதும் அவைதான். அவை வேறு மாதிரி இருப்பது காரணமா, விளைவா, மூளை தன்னைச் சரிசெய்துகொள்ளும் முயற்சியா என்று திசுவைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய வீட்டுச் சுவரில் ஈரம் தெரிகிறது. ஓடு உடைந்ததா, குழாய் கசிகிறதா, போன ஐப்பசி மழையின் மிச்சமா என்பதை ஈரக்கறை சொல்லாது.

எலிகளில் ஒரு தொடர்பு தெளிவாகவே இருக்கிறது. கருவுற்ற எலியின் நோயெதிர்ப்பைத் தூண்டினால் ஐஎல்-17 என்ற புரதம் வழியாகக் குட்டியின் மூளை வளர்ச்சி மாறுவதை 2016-இல் காட்டினார்கள். ஆனால் அது கருவறையில் நடந்து முடிந்த சங்கதி. ஐந்து வயதில் கொடுக்கும் மாத்திரை அங்கே திரும்பிப் போகாது. ‘அழற்சிதான் காரணம்’ என்ற எளிய கதைக்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. காய்ச்சல் வந்த நாள்களில் சில குழந்தைகளின் எரிச்சலும் திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தையும் குறைவதாக, 30 குழந்தைகளை வைத்து 2007-இல் வெளியான ஆய்வு சொன்னது. பல பெற்றோர்களும் இதைக் கவனித்திருப்பார்கள். காய்ச்சலில் உடலின் அழற்சி கூடத்தானே செய்கிறது?

‘அழற்சிப் பரிசோதனை’ எடுக்கலாமா?

வேண்டாம். சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தச் சோதனைகள் இரண்டும் உடலில் எங்கோ அழற்சி இருப்பதைச் சொல்லும், சி.ஆர்.பி. கல்லீரலில் சுரப்பது. சளிப் பிடித்திருந்தாலே ஏறும். மூளையின் மைக்ரோக்ளியா பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. சைட்டோகைன் (நோயெதிர்ப்புச் செய்திப் புரதங்கள்) பட்டியல், முடி உலோகச் சோதனை, மல நுண்ணுயிர் சோதனை எல்லாம் தாளில் சிவப்பு எழுத்தில் ஏதாவது காட்டும். அதைப் பார்த்து மருத்துவம் மாறப் போவதில்லை. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் மைக்ரோக்ளியா தெரியாது. மேலே சொன்ன பெட் ஸ்கேன் ஆராய்ச்சிக்கூடத்துச் சமாசாரம்.

இந்த அறிகுறிகள் இருந்தால் கதையே வேறு

ஆட்டிசத்தில், வந்த சில சொற்கள் மறைந்துபோவது பெரும்பாலும் 15 முதல் 24 மாதத்துக்குள் நடக்கும், மெல்ல நடக்கும். கீழே சொல்வது அப்படியல்ல.

மூன்று வயதுக்கு மேல், வாக்கியமாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தை சில வாரங்களில் பேச்சை இழக்கிறது, கூப்பிட்டால் காது கேளாதது போல இருக்கிறது என்றால் லாண்டாவ்-க்ளெஃப்னர் நோயை நினைக்க வேண்டும். 3 முதல் 8 வயதுக்குள் வரும். வெளியே வலிப்பே தெரியாமலும் இருக்கலாம், ஆனால் ஆழ்ந்த தூக்கத்தில் மூளையின் மின் அலை தாறுமாறாக இருக்கும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: விழித்திருக்கும்போது இருபது நிமிடம் எடுத்த இ.இ.ஜி. (மூளை மின் அலைப் பதிவு) ‘நார்மல்’ என்று வரும், எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். கேட்க வேண்டியது தூக்கத்தில் எடுக்கும் இ.இ.ஜி. முந்தின இரவு குழந்தையை வழக்கத்தைவிடத் தாமதமாகத் தூங்கவைத்து, அதிகாலையில் எழுப்பிக் கூட்டிப்போக வேண்டும். மதுரைக்குப் போகும் 90 கிலோமீட்டரும் காரில் தூங்கவிடக் கூடாது. முந்தின நாளே ஷாம்பு போட்டுத் தலைக்கு ஊற்றி, எண்ணெய் வைக்காமல் விட வேண்டும். எண்ணெய்த் தலையில் மின்முனை ஒட்டாது, எடுத்த பதிவும் வீணாகும்.

இரண்டாவது, உடலின் நோயெதிர்ப்பே மூளையைத் தாக்கும் தன்னுடல் எதிர்ப்பு மூளை அழற்சி. நன்றாக இருந்த குழந்தைக்குச் சில நாள், சில வாரத்துக்குள் புதிதாக வலிப்பு, தூக்கமே இல்லாமை, காரணமற்ற வெறி, வாயும் முகமும் தானாக அசைவது, பேச்சு அடங்கிப்போவது, சிலைபோல உறைந்து நிற்பது என்று கூட்டமாக வரும். நரம்புச் செல்லில் உள்ள என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பியை எதிர்ப்பொருள் தாக்கும் வகை, 2007-இல் அடையாளம் கண்டது, இதில் முக்கியமானது. பேய் பிடித்தது என்று கோயில் கோயிலாக அலைந்து நாளைக் கடத்துவதும் நடக்கிறது, ஆட்டிசம் முற்றிவிட்டது என்று எழுதிக்கொடுத்துவிடுவதும் நடக்கிறது. எம்.ஆர்.ஐ. தெளிவாக இருந்தாலும் இதை விலக்க முடியாது. முதுகுத்தண்டு நீர், இரத்தம் இரண்டிலும் எதிர்ப்பொருள் பார்க்க வேண்டும். உறுதியானால் மீத்தைல்பிரெட்னிசலோன் எனும் ஸ்டீராய்டு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம், 3 முதல் 5 நாள் இரத்தக்குழாய் வழியாக, ஐ.வி.ஐ.ஜி. எனும் எதிர்ப்பொருள் மருந்து மொத்தம் கிலோவுக்கு 2 கிராம் என்பது வழக்கமான அளவு. 15 கிலோ குழந்தைக்கு 30 கிராம், அதுவும் மருத்துவமனையில் படுக்கவைத்துத்தான்.

இப்படி ஏதேனும் இருந்தால் இந்தக் கட்டுரையின் மீதியைப் பிறகு படிக்கலாம். குழந்தை நரம்பியல் மருத்துவர் இருக்கும் மதுரைக்கோ திருச்சிக்கோ கிளம்புங்கள். இவை இல்லாத குழந்தைக்கு ஸ்டீராய்டு ‘ஒரு கோர்ஸ் போட்டுப் பார்ப்பது’ சரியில்லை: எடை, இரத்த அழுத்தம் ஏறும், வளர்ச்சி தடைப்படும், நெடுநாள் கொடுத்துத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

திடீர் எரிச்சலுக்கும் தலையில் அடித்துக்கொள்வதற்கும் இவற்றைவிடப் பல மடங்கு சாதாரணமான காரணங்கள் உண்டு: சொத்தைப் பல், காதுச் சீழ், மலச்சிக்கல். சொல்லத் தெரியாத குழந்தை வலியை வேறெப்படிக் காட்டும்? வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது காசில்லாத பரிசோதனை.

கோதுமை, பால் நிறுத்தும் உணவு

பொருளில் மலிவு, உழைப்பில் விலை அதிகம். நம்மூர்ச் சாப்பாட்டில் கோதுமையை விடுவது எளிது: இட்லி, இடியாப்பம், கவுனி அரிசி, கந்தரப்பம் எதிலும் கோதுமை இல்லை. தப்பு நடப்பது ஓரத்தில். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சேமியா, ரவை, அதனால் ரங்கூன் புட்டும் போயிற்று. வெள்ளைப் பணியார மாவில் சிலர் நிறத்துக்குப் பால் விடுவார்கள்.

பலன்? 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் 14 குழந்தைகளை இந்த உணவில் வைத்து, யாருக்கும் தெரியாமல் இடையிடையே கோதுமையும் பால் புரதமும் கொடுத்துப் பார்த்தார்கள். நடத்தையிலும் தூக்கத்திலும் மலம் கழிப்பதிலும் வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் கண்கட்டி நடத்தியது. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸின் வழிகாட்டி, ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளுக்காக இந்த உணவுமுறை வேண்டாம் என்கிறது.

எங்களுக்குக் கவலை வேறு. இந்தக் குழந்தைகளில் பலர் ஐந்தாறு பண்டங்களுக்கு மேல் தொடமாட்டார்கள், அதில் ஒன்று தயிர்சாதமாக இருக்கும். அதைப் பிடுங்கினால் எடை இறங்கும். 4 முதல் 6 வயதுக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். இரண்டு டம்ளர் பாலில் அதில் பெரும்பகுதி வந்துவிடும். பாலை நிறுத்துவதென்றால் கேழ்வரகு, முள்ளோடு தின்னும் நெத்திலி என்று எழுதி வைத்து ஈடுகட்ட வேண்டும். பால் குடித்தால் வயிற்றுப்போக்கு, கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் சீலியாக் நோய் என்று தனியாக உறுதியானவர்களுக்கு நிறுத்துவது சரி, அது ஆட்டிசத்துக்கான வைத்தியமல்ல. சீலியாக் சோதனையைக் கோதுமை தின்றுகொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். நிறுத்திய பிறகு எடுத்தால் பொய்யாக ‘இல்லை’ என்று வரும்.

மீன் எண்ணெய், மஞ்சள், ப்ராக்கோலிச் சாறு

மீன் எண்ணெய் மாத்திரையின் முகப்பில் 1000 என்று போட்டிருக்கும். பின்பக்கச் சீட்டைத் திருப்புங்கள்: வழக்கமான மாத்திரையில் ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மில்லிகிராம்தான் வேலை செய்யும் பொருள். ஆய்வுகளில் கொடுத்தது நாளொன்றுக்கு 1.3 முதல் 1.5 கிராம். தினம் ஒரு மாத்திரை போட்டுவிட்டு ‘பலனில்லை’ என்பதற்கும் பொருளில்லை, ‘பலன் தெரிகிறது’ என்பதற்கும் பொருளில்லை. முழு அளவில் கொடுத்த 2011 ஆய்வில், 27 குழந்தைகள், 12 வாரம், துறுதுறுப்பில் தெளிவான வேறுபாடு வரவில்லை. பின்னர் வந்த ஓர் ஆய்வில் சில குழந்தைகளின் முரட்டு நடத்தை கொஞ்சம் கூடியது. தொண்டிக் கரையிலிருந்து வரும் மத்தியை வாரம் இருமுறை குழம்பு வைத்தால் மீன் எண்ணெயோடு புரதமும் சேரும். அதற்கு மேல் இதில் பணம் போட வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

மஞ்சள் தூளில் அழற்சியைக் குறைக்கும் என்று சொல்லும் குர்குமின் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்குதான், அதுவும் குடலில் சரியாக ஏறாது. சமையலில் போடுவது போதும்.

ப்ராக்கோலி முளையில் இருக்கும் சல்ஃபராஃபேன் உண்மையிலேயே நம்பிக்கை தந்தது. 2014-இல் 13 முதல் 27 வயது வரையிலான 44 ஆண்களிடம் 18 வாரம் சோதித்தபோது நடத்தை மதிப்பெண்கள் மேம்பட்டன. அதே குழு 3 முதல் 12 வயதுக் குழந்தைகளிடம் செய்து 2021-இல் வெளியிட்டபோது மருத்துவர் மதிப்பீட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்தத் துறையில் இது வழக்கமான பாதை: முதல் சிறிய ஆய்வு பளிச்சென்று இருக்கும், அடுத்தது அடக்கிவிடும். முருங்கைக்கீரையிலும் அதுதானே என்பார்கள். அதில் இருப்பது வேறு சேர்மம், கீரையாகச் சாப்பிடுங்கள்.

மாத்திரைகள்

மைக்ரோக்ளியாவை அடக்கும் என்று மினோசைக்ளின் எனும் ஆன்டிபயாடிக்கை 11 குழந்தைகளிடம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த 2013 ஆய்வில் நடத்தையில் முன்னேற்றமில்லை. எட்டு வயதுக்குள் கொடுத்தால் பல் நிரந்தரமாகக் கறைபடும். வலி, அழற்சிக்கான செலிகாக்ஸிப்பை, கடும் எரிச்சலுக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோனோடு சேர்த்து ஈரானில் 40 குழந்தைகளுக்கு 10 வாரம் கொடுத்தபோது எரிச்சல் குறைந்தது. பெரிய அளவில் அது உறுதியாகாதவரை இதைக் கேட்டு வாங்கும் மருந்தாக நாங்கள் எண்ணவில்லை.

ரிஸ்பெரிடோன் அழற்சி மருந்தல்ல, ஆனால் வேலை செய்கிறது. 2002-இல் 101 குழந்தைகளிடம் 8 வாரம் நடத்திய சோதனையில், கடும் எரிச்சலும் தாக்குதலும் தெளிவாகக் குறைந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 69 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 12 சதவீதம். அதே எட்டு வாரத்தில் எடை சராசரி 2.7 கிலோ ஏறியது. பேச்சை வரவழைக்காது. குழந்தை தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் அளவுக்குப் போனால், எடை 20 கிலோவுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 0.25 மில்லிகிராமில் தொடங்கி, மாதந்தோறும் எடை எழுதி வைத்துக் கொடுக்கும் மருந்து இது.

ஸ்டெம் செல், ஆக்ஸிஜன் அறை, உலோகம் இறக்குதல்

நிலத்தையோ நகையையோ விற்கவைப்பது ஸ்டெம் செல். இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து செல் எடுத்து, மயக்கம் கொடுத்து, முதுகுத்தண்டு நீரில் செலுத்துவது இங்கே பரவலான முறை. ‘அழற்சியைத் தணிக்கும்’ என்பதுதான் விற்பனைச் சொல். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2 முதல் 7 வயதுள்ள 180 குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தம் செலுத்தி நடத்திய சோதனை 2020-இல் வெளியானது. வெற்று ஊசியோடு ஒப்பிட்டபோது சமூகத் தொடர்பில் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை. 2022 டிசம்பரில் நம் தேசிய மருத்துவ ஆணையம் ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் பரிந்துரைக்கத்தக்கதல்ல, அதைச் செய்வதும் விளம்பரப்படுத்துவதும் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் அந்த அறிவிப்பைப் பற்றிக் கேளுங்கள்.

ஆக்ஸிஜன் அறை: 1.3 மடங்கு காற்றழுத்தம், ஒரு மணி நேரம், 40 அல்லது 80 முறை. ஓர் ஆய்வு பலன் என்றது, அடுத்தது இல்லை என்றது. காதுசவ்வுக்குச் சேதம் நேரலாம். நைஸ் வழிகாட்டி எந்தச் சூழலிலும் வேண்டாம் என்கிறது.

உடலில் சேர்ந்த உலோகத்தை மருந்தால் வெளியேற்றும் ‘உலோகம் இறக்கும்’ சிகிச்சையையும் அதே வழிகாட்டி அதே சொல்லில் மறுக்கிறது. 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயது ஆட்டிசக் குழந்தை ஒன்று இந்தச் சிகிச்சையில் இரத்தக் கால்சியம் சரிந்து இறந்தது. ஆனால் செட்டிநாட்டில் ஈயத்தைத் தனியாக யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பழைய வீடுகளின் மரத்தூண், கதவு, பரண் விதானங்களில் அந்தக் காலத்து எண்ணெய்ப் பெயிண்ட் அடுக்கடுக்காக உரிந்து தொங்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்குள் இருக்க வேண்டும் என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. கண்டதை வாயில் போடும் குழந்தை அந்தச் சீவலைத் தின்றால் ஈயம் ஏறும். இதற்குச் சரியான சோதனை இரத்தக்குழாயிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஈய அளவு. முடிச் சோதனையோ, மருந்து கொடுத்துவிட்டு எடுக்கும் சிறுநீர்ச் சோதனையோ அல்ல. டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும், 45-ஐத் தாண்டினால்தான் உலோகம் இறக்கும் மருந்து, அதுவும் மருத்துவமனையில். பெயிண்டை உலர்வாகச் சுரண்டாதீர்கள். தூசிதான் அதிகக் கெடுதல். ஈரத்துணியால் துடைத்து, மேலே பலகையோ புதுப் பூச்சோ போட்டு மூடுங்கள். சுண்ணாம்புச் சுவரை நக்கும் குழந்தைக்கு இரும்புச்சத்தையும் பாருங்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் தூக்கமும் கலையும்.

பயிற்சி

ஒப்பிட்டுப் பார்த்தால் எங்கள் வாக்கு இதற்குத்தான், ஏனென்றால் நம் போன்ற இடத்தில் சோதித்துப் பார்த்த ஒன்று. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்கள் பெற்றோருக்கு 12 அமர்வுகளில் சொல்லிக் கொடுத்தார்கள். குழந்தையோடு பெற்றோர் விளையாடுவதைக் காணொளி எடுத்து, கூட உட்கார்ந்து பார்த்து, எங்கே குழந்தை தொடங்கியது, எங்கே நாம் கவனிக்காமல் விட்டோம் என்று பேசுவதுதான் முறை. பெற்றோர் குழந்தைக்கு இசைந்து நடப்பதும், குழந்தை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடின.

வீட்டில் செய்ய: தொலைக்காட்சியை நிறுத்துங்கள். வளவும் பட்டாலையும் எதிரொலிக்கும், சத்தம் பொறுக்காத குழந்தைக்கு அது தொல்லை. உள்ளறையில் பாய் விரித்து முகத்துக்கு முகம் உட்காருங்கள். குழந்தை எடுத்த பொருளை நீங்களும் எடுங்கள். கேள்வி கேட்காதீர்கள், அது செய்வதை ஒரு சொல்லில் சொல்லிவிட்டு ஐந்து நொடி வாயை மூடிக் காத்திருங்கள். பெரும்பாலோர் தோற்பது இந்த ஐந்து நொடியில்தான். ஒரு சொல் பேசும் குழந்தையிடம் இரண்டு சொல்லில் பேசுங்கள், பத்துச் சொல்லில் அல்ல. ஒரு நாளில் அரை மணி, பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் சரி. காது கேட்கும் திறனைப் பரிசோதிக்காமல் பேச்சுப் பயிற்சி தொடங்க வேண்டாம்.

இருந்தாலும் ஒன்றை முயல்வதென்றால்

அப்பத்தா மனசுக்கோ உங்கள் மனசுக்கோ ஏதாவது துணைமருந்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். தொடங்கும் முன் இரண்டு வாரம் எழுதுங்கள்: தூங்கிய மணி, மலம் கழித்த நாள், பத்து நிமிட விளையாட்டில் குழந்தை தானாக உங்களைப் பார்த்த தடவை. அதே விளையாட்டு, அதே நேரம், வாரம் ஒரு காணொளி. 12 வாரம் கழித்து, தேதி தெரியாதபடி காணொளிகளைக் கலைத்து, மருந்து விவரம் அறியாத உறவினர் ஒருவரிடம் எண்ணச் சொல்லுங்கள். கோடை விடுமுறையிலும் பள்ளி மாறும் மாதத்திலும் தொடங்காதீர்கள். எது எதனால் என்று பிரிக்க முடியாது. வைட்டமின் டி பொட்டலம் 60,000 அலகு என்றால் அது வழக்கமாக வாரத்துக்கு ஒன்று, மருத்துவர் சொன்ன வாரங்களுக்கு மட்டும். தினமும் கொடுத்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தியும் சிறுநீரகக் கேடும் வரும்.

பணத்தைப் பொறுத்தவரை: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செயல்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் மதிப்பீடும் பயிற்சியும் இலவசம். இந்திய ஆட்டிச அளவுகோலான இசாவில் 40 கூறுகள்; 70-க்குக் கீழ் ஆட்டிசம் இல்லை, 106 வரை லேசு, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அந்த மதிப்பெண்தான் அடிப்படை. அட்டை கிடைத்ததும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, வெளிநோயாளியாகப் பெறும் பயிற்சிக் கட்டணமும் வரம்புக்குள் அடங்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், ரசீதுகளில் குழந்தையின் பெயர் அட்டையில் இருப்பது போலவே இருக்க வேண்டும். இனிஷியல் முன்னும் பின்னும் மாறியிருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.